ஐந்து ஏக்கருக்கு எத்தனை குதிரை?

நிக்டியிலும் ஆக்குர்டியிலும் சிஞ்ச்வடிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். லேத்தும் வெல்டிங்கும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் நம்மில் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ நிலம் இன்னும் பேரில் இருக்கிறது. அண்ணனோ தம்பியோ அதைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது நாமும் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். அந்த நிலத்தை வைத்திருப்பதா விற்பதா என்ற பேச்சு வராத வீடு இப்போது குறைவு. அந்தப் பேச்சோடு கூடவே வருவதுதான் சிறிய டிராக்டர். கடந்த ஒன்றரை ஆண்டாக இதற்காக அலைந்து தெரிந்துகொண்டவற்றை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் நிலம் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மொத்தம் ஐந்து ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் பந்தல் போட்ட பன்னீர் திராட்சை, மூன்று ஏக்கர் தென்னை. அண்ணனுக்கு வயது அறுபத்தெட்டு. உழவு மாடுகளை விற்றுப் பல வருஷம் ஆகிறது. மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சொன்ன நாளில் வருவதில்லை. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் நம் வசதிக்குக் காத்திராது. அண்ணன் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருஷமாகத் தோட்டத்தில்தான் இருக்கிறான். அவன் ஒரு நாள் போனில், "சித்தப்பா, சின்ன டிராக்டர் ஒண்ணு இருந்தா நான் இங்கேயே இருந்து பார்த்துக்கிறேன். இல்லேன்னா திருப்பூருக்குப் போறதுதான் சரி" என்றான். அண்ணன் போனை வாங்கி, "நீ வண்டி செய்யுற ஊர்ல இருக்கே. பார்த்துச் சொல்லு" என்றார். இதற்கென்று இருந்த பணம் நான் ஓய்வு பெற்றபோது வந்த சேமநிதியில் மீந்தது. எங்கள் முதுமைக்கு வைத்திருந்தது அதுதான்.

அண்ணன் சொன்னதில் உண்மை உண்டு. புனே வட்டாரம் இயந்திரங்களின் வட்டாரம். ஜான் டீர் டிராக்டர்கள் அகமத்நகர் சாலையில் உள்ள சணஸ்வாடியில்தான் தயாராகின்றன. இரும்புக் கலப்பையை இந்த மாநிலத்து உழவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த லட்சுமண்ராவ் கிர்லோஸ்கரின் கிர்லோஸ்கர்வாடி இங்கிருந்து ஒரு நாள் பயணம்தான். ஆண்டுதோறும் டிசம்பரில் மோஷியில் நடக்கும் கிசான் கண்காட்சிக்கு நிக்டியிலிருந்து ஸ்பைன் ரோடு வழியே அரை மணியில் போய்விடலாம். அங்கே எல்லாக் கம்பெனிகளின் சிறிய டிராக்டர்களையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஏறி உட்காரலாம், டேப் வைத்து அளக்கவும் செய்யலாம். நான் அளந்தேன். பக்கத்தில் நின்ற விதர்பா விவசாயி ஒருவர் சிரித்தார். பிறகு அவரும் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டார்!

சிறிய டிராக்டர் என்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வடிவமைக்கப்பட்டு, 1974ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் வெளியிட்ட சுவராஜ் 724, சுமார் 26 குதிரைத்திறன் கொண்டதுதான். பிறகு சந்தை 35, 45, 50 என்று மேலே ஏறிப் போய்விட்டது. நிலமோ கீழே இறங்கி வந்தது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், மகாராஷ்டிரத்தில் 1.34, தமிழ்நாட்டில் வெறும் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த நிலத்தில் 45 குதிரை வண்டியைத் திருப்பினால் வரப்பு மிஞ்சாது. அதனால்தான் 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான வண்டிகள் மறுபடி பேசப்படுகின்றன.

ஷோரூமுக்குப் போனால் முதலில் அவர்கள் குதிரைத்திறனைச் சொல்வார்கள். நாம் முதலில் நம் நிலத்தின் அளவுகளைச் சொல்ல வேண்டும். ஏக்கர் கணக்கு மட்டும் போதாது. எங்கள் தோட்டத்தில் கொடிகள் பத்தடிக்கு ஆறரை அடி இடைவெளியில் நிற்கின்றன. கல்தூண்களும் அதே வரிசையில்தான். பந்தல் கம்பி தரையிலிருந்து ஆறரை அடி உயரம். காய் இறங்கிய காலத்தில் குலைகள் ஓரடி கீழே தொங்கும். ஆக, கிடைக்கிற உயரம் ஐந்தரை அடிதான். வண்டியின் உயரம் நாலரை அடி என்று புத்தகத்தில் போட்டிருந்தால் அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஓட்டுபவர் உட்கார்ந்த பிறகு அவர் தலை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. என் அண்ணன் மகன் ஆறடி. மோஷியில் என் உயரத்துக்கு அளந்துவிட்டு, அவனுக்காக மூன்று அங்குலம் கூட்டிக் குறித்துக்கொண்டேன். புகைக்குழாய் மேலே நிமிர்ந்து நிற்கிறதா, பக்கவாட்டில் கீழே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பந்தலுக்குள் நிமிர்ந்த குழாய் உதவாது.

இதே விஷயத்தை நாராயண்காவ் பக்கம் போய்ப் பார்த்தேன். நாசிக் சாலையில் உள்ள அந்த ஜுன்னர் தாலுகாவில் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். அங்கே நம் ஊர்போல மேலே விரிந்த பந்தல் குறைவு. ஒய் எழுத்தைப்போல இரு பக்கமும் விரிந்த கம்பி வரிசைகள்தான் அதிகம். நடுவில் டிராக்டர் தாராளமாக ஓடுகிறது. பின்னால் மருந்து டாங்கும் காற்றாடியும் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அவர்கள் வண்டியை வைத்து நாம் வண்டி வாங்கக்கூடாது. அவர்கள் தோட்டமே டிராக்டர் போவதற்கென்று அமைந்தது. நம்முடையது ஆள் நடப்பதற்கென்று அமைந்தது.

இப்போது குதிரைத்திறனுக்கு வருவோம். விளம்பரத்தில் போடுவது இன்ஜினின் திறன். ரோட்டவேட்டரையும் மருந்தடிக்கும் பம்பையும் சுற்றுவது பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டு. அதற்குப் போய்ச் சேரும் திறன் இன்ஜின் திறனில் ஏறக்குறைய 85 சதவீதம். 24 குதிரை வண்டி என்றால் பி.டி.ஓ.வில் 20 என்று வைத்துக்கொள்ளலாம். 15 குதிரை வண்டிக்கு மூன்றடி ரோட்டவேட்டர், 24 முதல் 28 குதிரைக்கு நாலடி என்பது கை கணக்கு. மண் இறுகலாக இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள். பெரிய ரோட்டவேட்டரைச் சிறிய வண்டியில் மாட்டினால் அகலமும் கிடைக்காது, ஆழமும் கிடைக்காது. டீசல் மட்டும் போகும். திராட்சைக் கொடிக்கு அடியில் ஆழ உழுதால் வேர் அறும் என்பதால், அங்கே மட்டும் பழமொழியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

சந்தையில் இருப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை ஒற்றை சிலிண்டர், 15 குதிரை வண்டிகள். மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717 போன்றவை. விலை குறைவு, ரிப்பேர் எளிது. ஆனால் அதிர்வு அதிகம். நாள் முழுவதும் ஓட்டினால் இடுப்பு சொல்லும். இரண்டாவது 18 முதல் 22 குதிரை. பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி. நிறுவனத்தின் எம்.டி. 180 டி இந்த வகை. மூன்று சிலிண்டர் என்பதால் ஓட்டம் மென்மை. மூன்றாவது 24 முதல் 28 வரை, பெரும்பாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். குபோட்டா பி 2441, மகிந்திரா ஜீவோ 245, ஜான் டீரின் 3028 இ.என். இதில் அடங்கும். விலை கணிசமாகக் கூடும். இந்தச் சிறிய வண்டிகளில் பலவற்றின் எடை ஒரு டன்னுக்குக் குறைவு. பெரிய வண்டி ஒன்றேமுக்கால், இரண்டு டன் வரும். எடை குறைந்தால் ஈர மண் இறுகாது, தென்னை வேரும் நசுங்காது. ஆனால் எடை இல்லாத வண்டி இழுக்கும்போது வழுக்கும். அந்தக் குறையை ஈடு செய்யத்தான் நான்கு சக்கர இழுவை.

பவர் டில்லர் போதாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இரண்டடி அகலம் உழும் டில்லரின் பின்னால் ஒரு ஏக்கரை ஒரு முறை நடந்து முடிக்க ஆறரை கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கணக்கு போட்டுப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள அண்ணனுக்கு அது சரிப்படாது. இளைஞர்கள் உள்ள வீட்டில், ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் நெல்லுக்கு, டில்லர் இன்றும் நல்ல தேர்வுதான்.

விற்பனையாளர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் உள்ளது. அங்கே டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ. திறன் எவ்வளவு, எவ்வளவு எடையைத் தூக்குகிறது, மணிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு இழுக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். "புத்னி ரிப்போர்ட் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் நாற்காலி போடுவார்கள். நான் கேட்ட நான்கு கடைகளில் இரண்டில் காட்டினார்கள்.

அடுத்தது உதிரிபாகம். நமக்கு அடுத்த வீடான ஆக்குர்டியில் தலைமையகம் கொண்ட ஃபோர்ஸ் மோட்டார்ஸ், பழைய பஜாஜ் டெம்போ, திராட்சைத் தோட்டங்களுக்கென்றே ஆர்ச்சர்ட் என்ற சிறிய டிராக்டரைச் செய்து வந்தது. நல்ல பெயரும் இருந்தது. 2024 மார்ச்சுடன் அந்த நிறுவனம் டிராக்டர் தொழிலையே நிறுத்திக்கொண்டது. இனி பழைய வண்டி ஒன்று மலிவாக வந்தால், பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பிறகே கையை நீட்ட வேண்டும். எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும். வண்டி ஓடப்போகும் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் உண்டா என்பது என் முதல் கேள்வி ஆனது. அதனாலேயே புனேயில் வாங்கி லாரியில் அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டோம். இங்கே பார்ப்பது, அங்கே வாங்குவது என்று முடிவு. பதிவுச் சான்று மாற்றும் தொல்லையும் இல்லை.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. 2014-15ல் தொடங்கிய மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கூடுதல் சதவீதம் உண்டு. முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகுதான் வண்டி. வண்டியை வாங்கிவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். மாவல், முல்ஷி பக்கம் நிலம் உள்ள அன்பர்களுக்கு சாத்பாரா வேண்டும். விண்ணப்பம் மகாடிபிடி இணையதளத்தில். இங்கே விவசாயி என்ற சான்று இல்லாதவர் விளைநிலம் வாங்க இந்த மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் இதைச் சொல்லுங்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஆனாலும் பார்த்தேன். வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்த்து ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து ஒன்றரை லட்சத்துக்கு விற்கலாம் என்றால், தேய்மானம் வருஷத்துக்கு 45,000. போட்ட பணத்துக்கு வட்டி, சராசரி மதிப்பில் பத்து சதவீதம் என்றால் 37,500. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், கொட்டகை எல்லாம் 17,500. ஆக வண்டி நின்றாலும் ஓடினாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம்.

எங்கள் ஐந்து ஏக்கருக்கு உழவு, மருந்து, எரு, சுமை எல்லாம் சேர்த்தாலும் வருஷத்தில் நூறு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. அப்படியானால் மணிக்கு ஆயிரம் ரூபாய் வண்டிக்கே போய்விடுகிறது. டீசல் 250, ஓட்டுபவர் கூலி 150 தனி. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு டீசலோடு, ஆளோடு வாடகை வண்டி வரும்போது நாம் 1,400 செலவழிப்பானேன்? அதையே பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஓட்டினால் கதை மாறுகிறது. ஆயிரம் ரூபாய் வாடகையில் டீசலும் கூலியும் போக மணிக்கு 600 நிற்கும். ஒரு லட்சத்தை 600ஆல் வகுத்தால் 167 மணி. அதாவது நம் வேலை நூறு மணி, வெளி வேலை எழுபது மணி ஓடினால் கை கடிக்காது. முன்னூறு மணி ஓடினால் அண்ணன் மகனுக்கு அதில் ஒரு வருமானமே இருக்கிறது. உங்கள் ஊர் வாடகையையும் வட்டியையும் போட்டு இதே கணக்கை நீங்களும் ஒரு தாளில் பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கை மேஜையில் விரித்து வைத்திருந்தபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் சரி. ஓட்டப்போறவன் ரெண்டு வருஷத்துல மனசு மாறிட்டா இந்த வண்டியை யாரு ஓட்டுறது? அண்ணனா, நீங்களா?" எந்தக் கண்காட்சியிலும் எந்த ரிப்போர்ட்டிலும் இதற்குப் பதில் இல்லை. நாங்கள் வாங்கப்போவது இயந்திரத்தை அல்ல, ஒரு பையனின் பத்து வருஷத்தை என்பது அப்போதுதான் புரிந்தது. அவனிடம் போனில் கேட்காமல் நேரில் போய்க் கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. மறுநாள் காலை, "ஒரு போகம் வாடகை வண்டியை நானே ஓட்டிப் பார்க்கிறேன் சித்தப்பா. அப்புறம் சொல்றேன்" என்றான்.

அப்படியே செய்தோம். பக்கத்து ஊரில் ஒருவரிடம் இருந்த 22 குதிரை வண்டியை ஒரு போகம் முழுவதும் மணிக்கணக்கில் எடுத்தான். அதில் பல விஷயம் தெரிந்தது. காய் இறங்கிய பிறகு பந்தலுக்குள் வண்டி போகாது. கவாத்து முடிந்து காய் பிடிக்கும் வரைதான். கடைசி வரிசையில் திரும்ப இடமில்லை. இரண்டு கல்தூண்களை நகர்த்த வேண்டும். மருந்தடிக்க முன்பு இரண்டு ஆள் ஒரு நாள். வண்டியில் ஓர் ஆள் அரை நாள். தென்னைக்குள் எந்தத் தடையும் இல்லை. அந்த போகத்தில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் அவனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். எழுபது மணி வெளி வேலை கிடைக்குமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பிறகு 24 குதிரை, நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றை தேனியிலேயே வாங்கினோம். முன்பணம் என்னுடையது, வங்கிக் கடன் அவன் பேரில், வண்டியும் அவன் பேரில். சேமநிதி முழுவதையும் போடவில்லை. என் மனைவி போட்ட நிபந்தனை அது. ஓடும் மணிகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. முதல் ஐம்பது மணியில் இன்ஜின் ஆயில் மாற்றியதிலிருந்து எல்லாம் அதில் இருக்கிறது. எட்டு மாதத்தில் 190 மணி ஓடியிருக்கிறது. அண்ணன் ஓட்டுவதில்லை. ஆனால் தினம் காலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்ப்பது அவர் வேலை.

பாதுகாப்பைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடாதீர்கள். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் நிறுத்த நேரம் இருக்காது. சிறிய வண்டிகள் அகலம் குறைந்தவை. வரப்பு ஓரத்திலும் மேட்டுச் சரிவிலும் சீக்கிரம் கவிழும். இருக்கைக்குப் பின்னால் உள்ள பாதுகாப்புக் கம்பி மடக்கக்கூடியதாக இருக்கட்டும். பந்தலுக்குள் மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைத்து ஊர்வலம் போவது வேண்டவே வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பேரக் குழந்தைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

நிலம் உள்ள அன்பர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் ஓட்டுகிறவர் யார் என்று கேளுங்கள். அவர் நம் வீட்டுப் பிள்ளையானால் அவர் வாயாலேயே பதில் வரட்டும். ஆள் இல்லையென்றால் வண்டி வேண்டாம். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. அதைக் கேட்டுப் பெறுவது மலிவு. ஆள் இருந்தால் நிலத்தை அளங்கள், ஒரு போகம் வாடகையில் ஓட்டுங்கள், பிறகு மணிக் கணக்கு போடுங்கள். குதிரைத்திறன் கடைசியில்தான். அடுத்த டிசம்பரில் மோஷிக்குப் போக நினைப்பவர்கள் சங்கத்தில் சொல்லி வையுங்கள். சேர்ந்தே போகலாம். டேப் நான் கொண்டு வருகிறேன்.